ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்கிற வேலையை விட்டுட்டு பென்சன் உள்ள வேலைக்குப் போறன், எதை எடுக்கிறது எதை விடுறது?

வட்டக்கச்சிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிச்சு தெரிஞ்சாக்கள் ஒரு வழி சொல்லுங்கோ.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கார்மென்டில எக்கவுண்ட்ஸ் பகுதியில வேலை. 2014 ல சேந்தனான். இப்ப வயசு 35, கலியாணம் முடிக்கேல்ல, வீட்டில நானும் அம்மாவும் தான். வெளிவாரியா டிகிரி முடிச்சு வைச்சிருந்தனான், இப்ப மாகாணத்தில ஆசிரியர் நியமனம் கிடைச்சிருக்கு. வாற மாசம் 1 ஆம் திகதி டியூட்டி எடுக்கோணும். அம்மாக்கு சந்தோசம் தாங்கேல்ல, கடிதத்தை சாமியறையில கொண்டுபோய் வைச்சிட்டா.

சம்பளம் எல்லாம் சேத்து கைக்கு 78,000 மட்டில வரும், ஆனா அதில ஓவர்டைமும் இன்சென்டிவும் கிடக்கு, ஈபிஎப் கணக்குப் பாக்கிறது 62,000 க்கு. கடைசியா வந்த ஸ்டேட்மென்ட் படி ஈபிஎப்பில 14 லட்சத்து 80 ஆயிரம் கிடக்கு. ஈடிஎப்பில (ஊழியர் நம்பிக்கை நிதி) கிட்டத்தட்ட 2 லட்சம், இதுவரைக்கும் ஒருக்காவும் எடுக்கேல்ல.

இப்ப என்ர பிரச்சினை என்னெண்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை. கூட வேலை செய்யிற அக்கா சொல்லுறா அரசாங்க வேலைக்குப் போனா ஈபிஎப் முழுக்க எடுக்கலாம் உடன எடு எண்டு. மாமா சொல்லுறார் இந்தப் 11 வருஷத்தையும் அரசாங்க சேவையோட சேக்கக் கேள், பென்சன் கூடும் எண்டு. இன்னொருத்தர் சொல்லுறார் பென்சனே இனி இல்லையாம், நீ பேசாம கார்மென்டிலயே இரு, கடைசியில ஈபிஎப் கோடிக்கணக்கில வரும் எண்டு. எனக்கு இரவில நித்திரை இல்லை. வீடு 2012 ல வீட்டுத்திட்டத்தில கட்டினது, பின்பக்கம் கூரைச் சீற்று ஒழுகுது, குசினி திருத்தோணும், கையில காசு வந்தா உதவி தான், ஆனா அம்மாவையும் யோசிக்கோணும், எனக்கு ஏதும் நடந்தா அவக்கு ஒண்டும் இல்லை.

இன்னுமொண்டு, கார்மென்டில 11 வருஷம் முழுசா முடிய 19 நாள் காணாது. அது ஏதும் பாதிக்குமோ?


ஓய்வுபெற்ற கிளாக்கர், வவுனியா:

பிள்ளை, முதல்ல நியமனத்துக்கு வாழ்த்துக்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல கந்தோரில சம்பளப் பகுதியில இருந்தனான், அதுக்கு முந்தி நாலு வருஷம் தனியார் கம்பெனி, அதால ரெண்டு பக்கமும் தெரியும்.

மாமா சொன்னதை முதல்ல மனசில இருந்து எடுத்து விடுங்கோ. ஈபிஎப்பில இருந்து அரசாங்கப் பென்சனுக்கு "மாத்திறது" எண்டு ஒண்டு கிடையாது. ஒரு கம்பெனியில இருந்து இன்னொரு கம்பெனிக்குப் போனா ஈபிஎப் தொடரும், ரெண்டு நம்பரையும் பேந்து ஒண்டாக்கலாம். ஆனா அரசாங்கப் பென்சன் ஒரு நிதி இல்லை, உங்கட பேரில அங்க ஒரு கணக்குப் புத்தகமும் இல்லை. சேவை செய்த வருஷத்தையும் கடைசிச் சம்பளத்தையும் வைச்சு திறைசேரி குடுக்கிறது. அதால கார்மென்டில செய்த 11 வருஷம் அங்க ஒரு நாளாக் கூட எண்ணுப்படாது. நீங்கள் 35 ல தொடங்கி 60 ல போனா 25 வருஷ சேவை. குறைஞ்சது 10 வருஷம் வேணும், அது உங்களுக்குத் தாராளமா வருது. 30 வருஷம் முடிச்சவைக்கு வாற வீதத்தை விட 25 வருஷத்துக்கு கொஞ்சம் குறைவா வரும், அவ்வளவு தான்.

இப்ப உங்கட கையில இருக்கிறது மூண்டு தனித்தனிக் காசு. மூண்டையும் ஒண்டாக் குழப்பாதேங்கோ, நீங்கள் எழுதினதில மூண்டாவதைக் காணவே இல்லை, அது தான் எனக்குக் கவலை.

அது தான் கிராஜுவிட்டி, பணிக்கொடை எண்டுறது. 1983 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் இல்லாட்டி அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில 5 வருஷம் முடிச்சிட்டா, நீங்களா ராஜினாமா செய்தாலும் குடுத்துத் தான் ஆகோணும். ஒரு முழு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம், அதுவும் கடைசியா எடுத்த சம்பளத்தில. உங்கட 62,000 ல பாதி 31,000. பத்து வருஷத்துக்கு 3 லட்சத்து 10 ஆயிரம். விட்டு 30 நாளுக்குள்ள குடுக்கோணும், பிந்தினா மேலதிகமா கட்டோணும். கனபேர் ஈபிஎப் ஈபிஎப் எண்டு ஓடித் திரிஞ்சு இதைக் கேக்காமலே விட்டிட்டுப் போறவை, முதலாளியும் தானா வந்து தரமாட்டார்.

அந்த 19 நாள் பாதிக்கும். முழு வருஷம் தான் கணக்கு, அதால பதினோராவது வருஷத்தின்ர 31,000 போகும். ஆனா பிள்ளை, அதுக்காக டியூட்டி எடுக்கிற திகதியைப் பிந்தப் பண்ணாதேங்கோ. உங்கட சீனியோரிட்டி, இன்கிறிமென்ட், பென்சன் சேவை எல்லாம் அந்தத் திகதியில இருந்து தான் ஓடும். எழுத்தில அனுமதி தராமல் ஒரு நாள் பிந்தினாலும் நியமனத்துக்கே ஆபத்து. 31,000 ஐ விட்டிட்டு நிம்மதியாப் போங்கோ.


பூநகரிப் பெடியன்:

ஐயா சொன்னது சரி, ஆனா ஈபிஎப் பற்றி நான் ஒண்டு சொல்லோணும். எடுங்கோ அக்கா. விடாதேங்கோ.

2022 ல என்ன நடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்த வருஷம் புரட்டாசியில விலைவாசி 70 வீதம் வரைக்கும் ஏறினது, ஈபிஎப் குடுத்த வட்டி 9 வீதம். சீமெந்து, சீற்று, கம்பி எல்லாம் என்ன விலைக்குப் போனது. அண்டைக்கு 10 லட்சம் வைச்சிருந்தவன்ர காசு ஒரு வருஷத்தில ஆறு லட்சம் மாதிரி ஆகினது. பேந்து 2023 ல உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு எண்டு ஈபிஎப் வைச்சிருந்த பிணைமுறியளை மாத்தினவை. உழைச்சாக்களிட்ட ஆரும் கேக்கேல்ல. எங்கட காசு எங்கட கையில இருந்தா ஒரு காணி வாங்கலாம், ரெண்டு மாடு வாங்கலாம், ஒழுகிற கூரையைத் திருத்தலாம். எங்கட சனம் ஏற்கனவே ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு வந்த சனம், அந்தப் பயம் எனக்குப் போகாது.


ஒலுமடு அக்கா:

பெடியன் சொல்லுற கோபம் எனக்கு விளங்குது தம்பி, ஆனா நான் எடுத்தாள், அதால எழுதுறன்.

நான் 2018 ல இதே மாதிரி ஒரு இடத்தில இருந்து அரசாங்கத்துக்கு வந்தனான். ஈபிஎப் 6 லட்சத்துச் சொச்சம் இருந்தது, ஈபிஎப் எடுக்கிறதுக்குரிய கே படிவம் நிரப்பி நியமனக் கடிதமும் குடுத்து முழுக்க எடுத்தன். அந்தக் காசு வந்த அண்டைக்கு எனக்கு ஏதோ லொத்தர் விழுந்த மாதிரி. தங்கச்சியின்ர நுண்கடன் ஒண்டு கழுத்தை நெரிச்சுக் கொண்டிருந்தது, கிழமைக்குக் கிழமை வந்து வாசல்ல இருப்பினம், அதைக் கட்டினன். அதுக்கு நான் இண்டைக்கும் வருத்தப்படேல்ல. மிச்சத்தில ஒரு மோட்டர் சைக்கிள், ஒரு சாமத்தியவீட்டுக்கு செய்த சடங்கு, சொந்தத்தில ஒராளுக்கு கைமாத்து, அது இன்னும் திரும்பேல்ல. இப்ப அந்த 6 லட்சம் எங்க எண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் காசை அப்பிடியே விட்டிருந்தா 2023 க்கு 13 வீதம் போட்டவை, 2024 க்கு 11 வீதம். நான் ஒரு கொப்பியில கூட்டிப் பாத்தன், ஒரு நாள் இரவு, பாத்திட்டு கொப்பியை மூடி வைச்சிட்டன்.

தங்கச்சி, அரசாங்க வேலைக்குப் போனா எடுக்கலாம் எண்டது உரிமை, கட்டாயம் எண்டு இல்லை. எடுக்காட்டி அது அங்க வட்டியோட கிடக்கும், பொம்பிளையளுக்கு 50 வயசில எடுக்கலாம், ஆம்பிளையளுக்கு 55. உங்களுக்கு இன்னும் 15 வருஷம். அந்த வயசில கையில ஒரு மொத்தக் காசு வாறது எண்டா என்ன எண்டு இப்ப விளங்காது. 60 ல போனா பென்சன் அதுக்குப் பிறகு தான். அந்த இடைப்பட்ட பத்து வருஷத்தில தான் எல்லாச் செலவும் வரும், அம்மாவின்ர வருத்தம், எங்கட வருத்தம், பிள்ளையள் இருந்தா கம்பஸ்.

இன்னொண்டு, இது தான் முக்கியம். என்ர காசு எடுக்க எட்டு மாசம் போனது. காரணம் ஒரு எழுத்து. ஐடென்டி காட்டில என்ர முதல் எழுத்து ஒண்டு, ஈபிஎப்பில வேற. மனிக் பாம் அகதி முகாமில இருந்து வந்தாப்பிறகு புது அடையாள அட்டை எடுக்கேக்க அவசரத்தில எழுதினது, ஆரும் பாக்கேல்ல. அதைத் திருத்த பழைய கம்பெனியின்ர கடிதம் வேணும், நான் அங்க போனா எனக்குத் தெரிஞ்ச எச்ஆர் பிள்ளை மாறிப்போட்டா, புதுசா இருக்கிறவ என்னை ஆரெண்டு கேக்கிறா. ஒவ்வொரு முறையும் லீவு போட்டு பஸ் ஏறிப் போய் வெயிலுக்க நிண்டு வந்தனான். நீங்கள் இப்ப உள்ளுக்க இருக்கிறியள், அதுவும் எக்கவுண்ட்ஸில. இந்த மாசத்துக்குள்ள எல்லாக் கடுதாசியையும் சரிபாருங்கோ. பேர், முதல் எழுத்து, பழைய 9 இலக்க ஐடி நம்பரோ புது 12 இலக்கமோ, பிறந்த திகதி, சேந்த திகதி. உள்ளுக்க இருக்கேக்க ஒரு கையெழுத்து ஐஞ்சு நிமிசம்.


கணக்குப் பாக்கிறவன், முல்லைத்தீவு:

நான் படிப்பிக்கிறன், கணிதம். கார்மென்டிலயே இருந்தா கோடிக்கணக்கில வரும் எண்டு ஆரோ சொன்னவர் எண்டு எழுதியிருக்கிறியள், அதை எல்லாரும் தாண்டிப் போட்டினம், ஆனா அது சும்மா கதை இல்லை, அந்தக் கணக்கை ஒருக்காப் பாக்கோணும்.

62,000 க்கு ஈபிஎப் உங்கட 8 வீதமும் கம்பெனியின்ர 12 வீதமும் சேத்து மாசம் 12,400. வருஷம் 1,48,800. 9 வீத வட்டியில 25 வருஷம் விட்டா அது மட்டும் 1 கோடி 26 லட்சம் வரும். இப்ப கிடக்கிற 14.8 லட்சம் இன்னொரு 1 கோடி 27 லட்சமா வளரும். ரெண்டையும் கூட்டினா இரண்டரைக் கோடி. அவர் பொய் சொல்லேல்ல.

ஆனா 25 வருஷத்துக்குப் பிறகு இரண்டரைக் கோடிக்கு என்ன வாங்கலாம்? அது தான் கேள்வி. நான் இப்பிடிப் பாப்பன். விலைவாசி ஏறுறதுக்கு மேல வட்டி 2 வீதம் தான் மிஞ்சும் எண்டு வைப்பம், எல்லாத்தையும் இண்டைய காசிலயே கணக்குப் பாப்பம். பழைய 14.8 லட்சத்தை இந்தக் கணக்கில சேக்கக் கூடாது, ஏனெண்டா நீங்கள் போனாலும் இருந்தாலும் அது உங்கட தான். இனி வாற 25 வருஷத்தை மட்டும் பாருங்கோ.

இருந்தா: ஈபிஎப் 47 லட்சத்து 70 ஆயிரம் மட்டில, ஈடிஎப் 3 வீதத்துக்கு 7 லட்சத்துச் சொச்சம், கிராஜுவிட்டி 7 லட்சத்து 75 ஆயிரம். மொத்தம் 62, 63 லட்சம்.

போனா: ஒரு பேச்சுக்கு இண்டைய காசில மாசம் 45,000 பென்சன் எண்டு எடுப்பம், வருஷம் 5 லட்சத்து 40 ஆயிரம். அந்த 62 லட்சத்தை நீங்கள் அதே மாதிரி மாசம் 45,000 எடுத்துச் சாப்பிட்டா 13 வருஷத்தில முடியும். 60 ல தொடங்கினா 73. பென்சன் 73 ல நிக்காது. வன்னியில எங்கட அம்மாமார் எத்தினை பேர் 80 தாண்டி இருக்கினம் எண்டு பாருங்கோ, அவ்வளவு கஷ்டம் பட்ட சனம்.

அதோட பென்சன் போகேக்க 24 மாசத்துப் பென்சனை மொத்தமா கையில தருவினம், அதுக்காக 10 வருஷத்துக்கு மாசப் பென்சனில குறைச்சுக் கொண்டு பிறகு முழுசாக் குடுப்பினம்.

ஒரு குறை இருக்கு. பென்சன் விலைவாசியோட தானா ஏறாது, சுற்றுநிருபம் வந்தாத் தான் ஏறும், சில வேளை வருஷக்கணக்காக் காத்திருக்கோணும். அதோட இடையில ராஜினாமா செய்தா பென்சன் உரிமை போயிடும், ஈபிஎப்பில அப்பிடி இல்லை, போட்டது போட்டது தான். பத்து வருஷத்தால வெளிநாடு போற யோசினை ஏதும் இருந்தா இப்பவே அதை நினைச்சுப் பாருங்கோ. இல்லையெண்டா என்ர கணக்கில பென்சன் பக்கம் தான் பாரம்.


வட்டக்கச்சிப் பிள்ளை:

எல்லாருக்கும் கோடி நன்றி, நான் அழுதே போட்டன், இவ்வளவு அக்கறையா எழுதுவியள் எண்டு நினைக்கேல்ல. வெளிநாடு போற யோசினை இல்லை சேர், அம்மாவை விட்டிட்டு எங்க போறது.

ஒலுமடு அக்கா சொன்ன உடன இண்டைக்கே ஸ்டேட்மென்டுகளை எடுத்து வைச்சுப் பாத்தன். அப்பிடியே நெஞ்சு அடைச்சுது. 2022 ல மூண்டு மாசம் ஈபிஎப் விழவே இல்லை. ஆனா என்ர சம்பளச் சீட்டில 8 வீதம் வெட்டினது கிடக்கு, மூண்டு சீட்டும் என்னட்ட இருக்கு. அண்டைக்கு 48,000 சம்பளம், அப்ப மாசம் 9,600, மூண்டு மாசத்துக்கு 28,800. நானே எக்கவுண்ட்ஸில இருந்தும் எனக்குத் தெரியேல்ல, அந்தப் பகுதியை வேற ஆள் பாத்தவர். இப்ப போற நேரத்தில இதைக் கிளறினா கிராஜுவிட்டியையும் இழுத்தடிப்பினமோ எண்டு பயமா இருக்கு.

மற்றது பென்சனே இனி இல்லை எண்டு சொல்லுறது உண்மையோ? அதுக்கு ஆரும் பதில் சொல்லேல்ல.

அம்மாவைப் பற்றிக் கேட்டதுக்கும் தெரிஞ்சா சொல்லுங்கோ.


ஓய்வுபெற்ற கிளாக்கர், வவுனியா:

பிள்ளை பயப்பிடாதேங்கோ. ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

அந்த மூண்டு மாசம். உங்கட சம்பளத்தில வெட்டின 8 வீதம் உங்கட காசு, அதைக் கட்டாமல் விட்டது சட்டப்படி குற்றம். மாசச் சம்பளத்துக்குரிய ஈபிஎப் அடுத்த மாசம் முடியிறதுக்குள்ள கட்டுப்படோணும், பிந்தினா கம்பெனி மேலதிகக் கட்டணத்தோட கட்டோணும், அந்த மேலதிகத்தையும் உங்களிட்ட இருந்து வெட்டேலாது. முதல்ல கம்பெனிக்கு மரியாதையா ஒரு கடிதம் குடுங்கோ, இன்ன மாசங்களுக்குரிய சி படிவத்தின்ர (மாசாமாசம் ஈபிஎப் கட்டேக்க குடுக்கிற படிவம்) பிரதியும் கட்டின பற்றுச்சீட்டும் தாங்கோ எண்டு. சில வேளை கட்டியிருப்பினம், உங்கட நம்பர் மாறி வேற ஆளின்ர கணக்கில விழுந்திருக்கும், அப்பிடி நான் எத்தினையோ பாத்திருக்கிறன், நம்பரில ஒரு இலக்கம் இடம் மாறினாக் காணும். கட்டேல்ல எண்டா தொழில் திணைக்களத்தின்ர மாவட்டக் கந்தோரில முறைப்பாடு குடுங்கோ, சம்பளச் சீட்டின்ர போட்டோக்கொப்பியோட. ஒறிஜினலை ஆரிட்டயும் குடுத்திடாதேங்கோ. வேலையை விட்டாப்பிறகும் முறைப்பாடு குடுக்கலாம். கிராஜுவிட்டிக்கும் அதே கந்தோர் தான், அதால அவை இழுத்தடிச்சா அதுக்கும் சேத்து வழி இருக்கு.

பென்சன் இல்லை எண்ட கதை எங்கால வந்தது எண்டா, 2016 வரவு செலவுத் திட்டத்தில புதுசா சேருறவைக்கு பங்களிப்புப் பென்சன் (சம்பளத்தில காசு வெட்டிச் சேக்கிற பென்சன்) கொண்டுவாறம் எண்டு சொன்னவை. அதால அந்தக் காலத்தில குடுத்த நியமனக் கடிதங்களில ஒரு வசனம் வித்தியாசமா வந்தது. ஆக்கள் அதைத் தான் இன்னும் காவிக் கொண்டு திரியினம். நீங்கள் ஆற்றையும் கதை கேக்கத் தேவையில்லை. சாமியறையில இருக்கிற கடிதத்தை எடுங்கோ. "இப்பதவி நிரந்தரமானது, ஓய்வூதியத்துக்கு உரித்துடையது" எண்ட மாதிரி ஒரு வசனம் இருக்கும், அதுக்குக் கீழ விதவைகள் தபுதாரர் (மனைவியை இழந்தவர்) அநாதைகள் ஓய்வூதியத்துக்குப் பங்களிக்கோணும் எண்டு இன்னொண்டு இருக்கும். அந்த ரெண்டு வசனத்தையும் சொல்லுக்குச் சொல் வாசிச்சு இஞ்ச எழுதுங்கோ. ஈபிஎப் எடுக்கிறதெண்டாலும் அந்த வசனத்தை வைச்சுத் தான் குடுப்பினம்.

இனி அம்மா. இது தான் ஒருத்தரும் யோசிக்காதது. அரசாங்கப் பென்சன் உங்களுக்குப் பிறகு துணைக்கும் பிள்ளையளுக்கும் போகும், அதுக்குத் தான் சம்பளத்தில மாதாமாதம் வெட்டுறவை. தாய்க்குப் போகாது. நீங்கள் கலியாணம் முடிக்காமல் இருக்கேக்க ஏதும் நடந்தா அந்தப் பென்சன் அம்மாவைத் தேடி வராது. ஆனா ஈபிஎப்பில பின்னுரித்தாளியா (எங்களுக்குப் பிறகு காசு போய்ச் சேர வேண்டிய ஆள்) ஆரையும் எழுதலாம். சேரேக்க நிரப்பின ஏபிஎச் படிவத்தில ஆரை எழுதினியள் எண்டு ஞாபகம் இருக்கோ? அம்மாவின்ர பேர், அவவின்ர ஐடி நம்பர் சரியா இருந்தா அந்த 14.8 லட்சம் அம்மாக்கு ஒரு காவல். எடுத்து குசினி கட்டினா குசினி இருக்கும், காவல் இருக்காது. என்ர மனசில பட்டதைச் சொல்லுறன்.


பூநகரிப் பெடியன்:

ஐயா, அம்மா பற்றிச் சொன்னதை நான் யோசிக்கேல்ல. அந்த விசயத்தில நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா கூரை ஒழுகுறது ஒழுகுறது தான், மாரி வரப்போகுது.

அதுக்கு ஒரு வழி இருக்கு. கிராஜுவிட்டி 3 லட்சத்து 10 ஆயிரம், ஈடிஎப் 2 லட்சம். ஈடிஎப் வேலையை விட்டா எடுக்கலாம், அடுத்த முறை எடுக்க 5 வருஷம் பொறுக்கோணும், அக்கா அரசாங்கத்துக்குப் போறதால இனி அதுக்குக் காசே விழாது, விட்டு வைக்கிறதில பெரிய பிரயோசனம் இல்லை. ரெண்டையும் சேத்தா 5 லட்சம். சீற்றும் குசினியும் முடிக்கலாம். ஈபிஎப்பைத் தொடத் தேவை இல்லை. என்ர அண்ணன் மேசன், சீற்று மாத்துறதுக்கு எவ்வளவு முடியும் எண்டு கேட்டுச் சொல்லுவன், நீளம் அகலம் மட்டும் சொல்லுங்கோ.

30 வீதம் எடுக்கிற திட்டமும் இருக்கு, 10 வருஷம் ஈபிஎப் கட்டி 3 லட்சத்துக்கு மேல இருந்தா வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எடுக்கலாம். உங்கட கணக்குக்கு 4 லட்சத்து 44 ஆயிரம் வரும். அது தேவைப்பட்டா வேலையை விட முந்தியே விசாரியுங்கோ.


பரந்தன் மகள்:

நான் இந்தத் திரட்டை ஆரம்பத்தில இருந்து வாசிச்சுக் கொண்டு வாறன், எழுதுறதோ விடுறதோ எண்டு இருந்தனான்.

என்ர அப்பா பரந்தன் கெமிக்கலில வேலை செய்தவர். கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பக்டறி, பேந்து அந்தப் பக்கத்தால போனாக்களுக்கு அந்த உடைஞ்ச கட்டிடங்கள் தெரியும். சண்டையோட அது நிண்டிட்டுது, நாங்கள் எத்தினை இடம் ஓடினம் எண்டு எண்ணேலாது. ஒவ்வொரு இடம்பெயர்விலயும் அம்மா ஒரு பையைக் காவினவ. அதுக்குள்ள சொப்பிங் பாக்கில சுத்தி, அதுக்கு மேல ஒரு பழைய சாறித் துண்டால கட்டி, அப்பாவின்ர ஈபிஎப் அட்டையும் ரெண்டு மூண்டு சம்பளத் துண்டும். 2009 மாசி மாசம் தண்ணிக்கு நிண்ட இடத்தில நகைப் பெட்டி போனது, அந்தப் பை போகேல்ல. அப்பாவும் இல்லை.

நாங்கள் அந்தக் காசைப் பற்றி நினைக்கவே இல்லை, இவ்வளவு காலம் போட்டுது அதெல்லாம் முடிஞ்சுது எண்டு. பேந்து மீள்குடியேறி வந்தாப்பிறகு ஒரு நடமாடும் சேவையில சும்மா கேட்டுப் பாப்பம் எண்டு போனம். அந்த அட்டையைப் பாத்திட்டு அங்க இருந்த அம்மா, சிங்கள ஆள், தமிழ் கொஞ்சம் தான், நம்பரை விரலால தடவிப் பாத்தா. குண்டூசி கறள் பிடிச்சு நம்பருக்கு மேல ஒரு கபிலக் கறை, ஒரு இலக்கம் மூண்டோ எட்டோ எண்டு தெரியேல்ல. ரெண்டையும் எழுதிக் கொண்டு போனா. இறந்தாக்களுக்குரிய எல் படிவம், மரணச் சான்றிதழ், விதானையாரின்ர கடிதம், பிள்ளையள் எல்லாற்றையும் பிறப்புப் பதிவு, எங்களுக்கு அலைச்சல் தான், ஆனா காசு வந்தது. பெரிய காசு இல்லை. அந்த நாள் சம்பளத்துக்கு என்ன வரும். ஆனா வட்டி போட்டுக் கொண்டே இருந்திருக்கினம், நாங்கள் ஓடின எல்லா வருஷத்துக்கும்.

அம்மா அந்தக் காசில ஒரு கிணறு இறைச்சுக் கட்டினவ. இப்பவும் அப்பாவின்ர கிணறு எண்டு தான் சொல்லுறது.

நான் சொல்ல வந்தது பெடியன் சொன்ன பயத்துக்கு. எங்கட சனத்துக்கு கையில இருந்தது எல்லாம் போனது, வீடு போனது, மாடு போனது, பாங்கில அடைவு வைச்ச நகை போனது. அப்பாவின்ர பேரில கொழும்பில கிடந்த அந்தச் சின்னக் கணக்கு மட்டும் போகேல்ல. தங்கச்சி, விடுறதெண்டா பயப்பிடாமல் விடுங்கோ, ஆனா கடுதாசியைக் கவனமா வைச்சிருங்கோ, அம்மாக்கும் எங்க இருக்கெண்டு சொல்லி வையுங்கோ. குண்டூசி குத்தாதேங்கோ.


வட்டக்கச்சிப் பிள்ளை:

அக்கா, உங்கட பதிவை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். அவவும் கடைசிச் சண்டையில மாத்தளன் மட்டும் போய் வந்தவ. ஒண்டும் பேசேல்ல, எழும்பிப் போய் றங்குப்பெட்டியைத் துறந்து என்ர ஓ லெவல் சேட்டிபிக்கட் வைச்சிருந்த பிளாஸ்டிக் பைலை எடுத்துக் கொண்டு வந்து தந்திட்டா, இதுக்குள்ள வை எண்டு.

கிளாக்கர் ஐயா, கடிதம் வாசிச்சன். நிரந்தரமானது, ஓய்வூதிய உரித்துடையது எண்டு இருக்கு. பங்களிப்பு எண்டு வாறது விதவைகள் தபுதாரர் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மட்டும் தான். மூண்டு வருஷம் தகுதிகாண் காலம் எண்டும் இருக்கு.

ஏபிஎச் படிவத்தின்ர பிரதியை எச்ஆரில கேட்டுப் பாத்தன். பின்னுரித்தாளி அப்பம்மா எண்டு கிடக்கு. 2014 ல நான் தான் எழுதியிருக்கிறன், அப்ப அம்மாக்கு ஐடி இல்லை எண்டு ஞாபகம். அப்பம்மா மோசம் போய் ஆறு வருஷம். நாளைக்கே மாத்த படிவம் வாங்கிட்டன்.

மூண்டு மாசக் கடிதமும் குடுத்திட்டன், பிரதியில திகதியோட கையெழுத்து வாங்கினனான். எச்ஆர் பிள்ளை முகம் சுழிச்சா, ஆனா பேந்து மெதுவாச் சொல்லுறா, தன்ர கணக்கிலயும் அதே மூண்டு மாசம் இல்லையாம், நான் முறைப்பாட்டுக்குப் போனா தானும் வாறாவாம், இன்னும் நாலு பேர் இருக்கினமாம்.

ஈபிஎப் எடுக்கேல்ல. கிராஜுவிட்டிக்கும் ஈடிஎப்புக்கும் எழுதிக் குடுத்திட்டன்.

பூநகரித் தம்பி, குசினிப் பக்கம் 18 அடிக்கு 11 அடி. அண்ணையிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ.


பூநகரிப் பெடியன்:

கேட்டிட்டுச் சொல்லுறன் அக்கா. சரிவு எந்தப் பக்கம் எண்டும், மரச் சட்டம் பழசோ எண்டும் அண்ணன் கேக்கிறார். முடிஞ்சா ஒரு படம் எடுத்துப் போடுங்கோ.